ஆறு நாள் இருட்டு

"டின்ல என்ன?"

கேட்டு முடித்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு கடுமையாக ஒலித்தது என்று சிவகாமசுந்தரிக்கு உறைத்தது. மழைக்கு ஒதுங்கி நின்றவள் அவள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், காஜா பெராங் சாலையில், யூசுப் நானாவின் மளிகைக் கடை வாசலில்... புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கடைக்குள்ளிருந்து வந்த அந்த ஆளை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அவன் கையில் இருந்த தகர டின்னை அவளுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் டின்.

அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"எண்ணெ."

"என்ன எண்ணெ?"

"நீங்க போலீஸா?"

"இல்ல. டீச்சர்."

"ஓ... அப்ப பரீட்சை." அவன் டின்னை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். "பதில் சொல்லலைன்னா பெஞ்சு மேல ஏத்துவீங்களா, டீச்சர்?"

சிரிப்பு வந்தது. அதை விழுங்கினாள். தமிழ் பேசினான், ஆனால் பிறந்த வீட்டில் கேட்ட தமிழ் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கடன் வாங்கிய பாத்திரத்தைப் போலப் பத்திரமாக எடுத்து வைத்தான். கண்கள் மட்டும் எதையும் பத்திரப்படுத்தவில்லை... மழை வெளிச்சத்தில் தேன் நிறமாக, நேராக, அவளையே பார்த்தன. அவள்தான் முதலில் பார்வையை இறக்கிக்கொண்டாள். டின்னின் மேல்.

"இந்த வாரம் யாரும் மண்ணெண்ணெ வாங்கக் கூடாதுன்னு முடிவு. தெரியும்ல?"

"தெரியும். சலுகையை நிறுத்தி அறிவிப்பு வந்தன்னிக்கே இப்படி ஆகும்னு தெரியும். அந்த அறிவிப்பை டைப் அடிச்சதே நான்தான்."

சொல்லிவிட்டு, குடைகூட இல்லாமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். டின்னை மட்டும் மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு...

எதற்காக மறைக்கிறான்? எதற்காக இவ்வளவு அவசரம்?

அவன் பெரிய சாலையில் போனான். சுந்தரி ஒரு கணம் தயங்கினாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடினாள். சந்து முடிகிற இடத்தில், மூன்றாம் லோரோங்கில், அந்தக் குறுக்குத் தெருவில், பதினேழாம் எண் வீட்டுக் கதவு அப்போதுதான் மூடிக்கொண்டது.

*

மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மின்சாரக் கம்பி வராத வீடுகளுக்கு அதுவரை சலுகை விலையில் மண்ணெண்ணெய் கிடைத்துவந்தது. புது வருடம் பிறந்ததும் அந்தச் சலுகை நின்றுபோனது. காஜா பெராங்கின் உட்சந்துகளில் கம்பி எட்டிய வீடுகள் குறைவு. விளக்குக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான்.

ஊர் இரண்டானது. "வெள்ளைக்காரன் இருந்தப்போ பொறுத்துக்கிட்டோம், நம்ம அரசாங்கத்துக்கு அஞ்சு மாசம் பொறுக்க முடியாதா?" என்று சிலர் கேட்டார்கள். "நம்ம அரசாங்கம்னா நம்ம அடுப்பு அதுக்குத் தெரிய வேணாமா?" என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தேநீர்க் கடையில் பெஞ்சுகள் பிரிந்தன. அண்ணன் ஒரு பெஞ்சு, தம்பி ஒரு பெஞ்சு.

சுந்தரியின் அப்பா மருதமுத்து சாலைப் பராமரிப்பு வேலையில் இருந்தார். போராட்டக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஊர்வலம் போனால் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்பதால் குழு வேறொன்றை முடிவு செய்தது. போகி வரை ஏழு நாட்கள், பொழுது சாய்ந்ததிலிருந்து எட்டு மணி வரை, எந்த வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரியாது. அந்த ஏழு நாளும் யாரும் மண்ணெண்ணெய் வாங்குவதுமில்லை. கோயில் விளக்குக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் மட்டும் விலக்கு. அதன்பின், இத்தனை வீடுகள் இருட்டில் இருந்தன என்று கையெழுத்துகளோடு மனு.

எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே. கையெழுத்து அழகாக இருந்ததால் மூன்று லோரோங்குகள் சுந்தரிக்கு வந்தன. விளக்கு எரிகிற வீட்டின் எண்ணை மட்டும் நோட்டில் குறித்தால் போதும்.

நோட்டைக் கையில் வாங்கியபோது அவளுக்குப் பழையது நினைவுக்கு வந்தது. அவள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். நகரத்துக்கு வந்து ஆறு மாதம்தான். அவசரகாலத்து முள்வேலி, வாசலில் தினமும் சோதனை... தூக்குச் சட்டியைத் திறந்து குச்சியால் கிளறிப் பார்ப்பார்கள், காட்டிலிருந்த போராளிகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று. ஒருநாள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் மெதுவாக நடந்துவந்து, அவளுடைய மாமா நல்லையாவுக்கு நேரே விரலை நீட்டினான். மாமா திரும்பிவரப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்த விரல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

அப்போதிருந்து அவளுக்கு மூடிய எதையும் பிடிக்காது. மூடிய முகம், மூடிய கதவு, மூடிய டின்.

*

அவன் பெயர் தம்பிராஜா. தெரிந்துகொள்ள அவள் முயற்சி செய்யவேயில்லை... அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். லோரோங் முனையில் தட்டு வைத்துக் குவே பலகாரம் விற்கும் அம்மாள், மலாய்க்காரிகளைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி நெற்றியில் திருநீறு பூசியிருப்பவள், பாக்கியலட்சுமி, அவனுடைய தாய். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றிய செட்டிக் குடும்பம். வீட்டில் மலாய்தான் பேச்சு. தம்பிராஜா சிறு வயதில் யூசுப் நானாவின் கடையில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவன். இப்போது, சலுகையை நிறுத்திய அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

"பேரு நம்ம பேரு, சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் நம்ம பேச்சு இல்ல," என்றார் அப்பா. "அவன் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? நம்ம கூட்டத்துல பேசினது மறுநாள் அலுவலகத்துக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைக் கூப்பிட்டு விசாரிச்சிட்டாங்க. எப்படித் தெரிஞ்சது?"

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது. காலையில் குவே வாங்க நின்றால் அவன் சைக்கிளோடு வருவான்.

"டீச்சர், இன்னிக்கு என்ன பரீட்சை?"

"வாய்மொழி. அலுவலகத்துல என்ன பேசிக்கிறாங்க?"

"மழை பேயுதுன்னு பேசிக்கிறாங்க."

"அப்புறம்?"

"ரொம்பப் பேயுதுன்னு பேசிக்கிறாங்க லா."

பாக்கியலட்சுமி இலையில் ஒரு குவே கூடுதலாக வைத்துத் தருவாள். சுந்தரி அதையும் யோசிப்பாள். எதற்காகக் கூடுதலாக? மகன் சொன்னானா? எதையாவது மறைக்கவா? யோசித்தபடியே தின்றுவிடுவாள். சீனிக்கிழங்கு மணம் பள்ளிக்கூடம் வரை விரல்களில் இருக்கும்...

ஒருநாள் அவன் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"சாயங்காலம் ஆனா இந்தப் பக்கமே நடக்கிறீங்களே. அது என்ன புக்?"

"பள்ளிக்கூட நோட்டு."

பொய். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. அவன் சைக்கிள் மணியை ஒருமுறை மெதுவாகத் தட்டிவிட்டுப் போனான்.

அந்த ஒற்றை மணியோசை பகலெல்லாம் அவளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

*

ஏழாம் நாள், போகி. பொழுது சாய்ந்து அரை மணி நேரம் இருக்கும். தூறல் விட்டிருந்தது. இரண்டு லோரோங்குகளும் முழு இருட்டு. சுந்தரிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவதில் திரும்பினாள்.

பதினேழாம் எண் வீட்டு ஜன்னலில் வெளிச்சம்.

ஒரு விளக்கு இல்லை. நாலைந்து. ஜன்னலின் திரைக்குப் பின்னால் பொன்னாக அசைந்தன. கதவு சாத்தியிருந்தது. வாசல் மண்ணில், இருட்டில், வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் வரிசையாக நின்றார்கள். யாரும் பேசவில்லை. வீட்டுக்குள் யாருமில்லாமல் விளக்குகள் மட்டும்...

காவல் நிற்கிறார்களா?

வரிசையின் ஓரத்தில் தம்பிராஜா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவள் வேலி அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இது என்ன?"

அவன் பதில் சொல்லவில்லை. பார்த்தான். அந்தத் தேன் நிறக் கண்கள் ஏதோ கெஞ்சின. பிறகு மெதுவாக, ஒற்றை விரலை உதட்டின் மேல் வைத்தான்.

பேசாதே. யாரிடமும் சொல்லாதே. அப்படித்தான் அவளுக்குப் புரிந்தது. ஆறு நாள் சிரிப்பும் கூடுதல் குவேயும் இதற்காகத்தானா?

அவன் பார்க்கும்படியே நோட்டைத் திறந்தாள். பதினேழு என்று எழுதினாள். பென்சில் முனை உடைந்தது.

*

மாட்டுப் பொங்கலன்று குழு கூடியது. அப்பா பட்டியலை வாசித்தார். மூன்று லோரோங்குகளில் ஒரே ஓர் எண்.

மறுநாள் பதினேழாம் எண் வேலியில் யாரோ காலி டின் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் கரியால், கருங்காலி. பாக்கியலட்சுமியின் தட்டில் குவே அப்படியே இருந்தது. தட்டைத் தாண்டிப் போகிறவர்கள் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்தார்கள். அந்த அம்மாளுக்கு டின்னில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பத்து மணிக்கே தட்டை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் வரவேயில்லை.

தம்பிராஜா காலையில் சைக்கிளில் போனான். மணி அடிக்கவில்லை. சுந்தரியைப் பார்த்தான், பாராதவன்போலப் போகவில்லை. நேராகப் பார்த்துவிட்டுப் போனான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குற்றவாளி இப்படியா பார்ப்பான்?

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது யூசுப் நானாவின் கடையில் நுழைந்தாள். சீனி வேண்டும் என்றாள். நானா நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, மண்ணெண்ணெ வாங்காத வாரத்துல நீங்க அந்த தம்பிராஜாவுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீங்க?"

நானாவின் கை நின்றது.

"எதைக் கொடுத்தேன்?"

"மண்ணெண்ணெ. ஒரு டின்."

"அது தேங்கா எண்ணெ, புள்ள. டின்னு பழசு. நான் எல்லாத்தையும் அதுலதான் ஊத்திக் கொடுக்கிறேன். உங்க வீட்டுக்கு நல்லெண்ணெ கொடுத்ததே அந்த டின்லதானே?"

அவள் தராசிலிருந்த சீனியைப் பார்த்தாள்.

"போகிக்கு அவங்க வீட்டுல பார்ச்சு. செத்துப்போன பெரியவங்களுக்கு இலை போட்டு, பிடிச்சதெல்லாம் படைச்சு, விளக்கேத்தி வெச்சிட்டு வெளியே வந்துருவாங்க. அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பையன் பத்து வயசுல இங்க வேலைக்கு வந்தான். வருசா வருசம் நான்தான் எண்ணெ கொடுக்கிறேன்." நானா பொட்டலத்தைக் கட்டினார். "இது தெரிஞ்ச ஆளு நாலு பேரு உங்க லோரோங்லயே இருக்காங்க. அலுவலகத்துல வேலை பார்க்கிறவனுக்காக எவன் வாயைத் திறப்பான்? நானும் திறக்கலியே."

உதட்டின் மேல் வைத்த விரல்... அது அவளைத் தடுத்த விரல் இல்லை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக வைத்த விரல்.

அப்படியானால் இந்த முறை நீட்டிய விரல் யாருடையது?

சீனிப் பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

*

அப்பா முழுவதையும் கேட்டார்.

"மனு திங்கட்கிழமை போகட்டும்," என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். இப்ப பட்டியல்ல ஒரு தப்புன்னு தெரிஞ்சா, எல்லாமே தப்புன்னு எதிர்ப் பெஞ்சுக்காரன் சிரிப்பான். வாசிச்சது நான், சுந்தரி. என் மானம்."

"எழுதினது நான்பா."

"செட்டிப் பையனுக்காக இவ்வளவு துடிக்கிறியே. வேற ஏதும் இருக்கா?"

இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்.

"மாமாவைக் காட்டிக் கொடுத்தவன் ஒருநாளாவது வந்து, நான்தான், தப்பாக் காட்டிட்டேன்னு சொல்லியிருந்தா... நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு மாலை குழு கடைசியாகக் கூடியது. முப்பது பேர் இருந்தார்கள். சுந்தரி எழுந்தாள்.

"பதினேழாம் நம்பர் வீட்டுல எரிஞ்சது தேங்கா எண்ணெ விளக்கு. செத்தவங்களுக்கு வெச்ச விளக்கு. நம்ம விதிப்படி அது தப்பில்ல. கேக்காம எழுதினது நான். தப்பு என்னோடது."

யாரோ இருமினார்கள். "டீச்சருக்கு அங்க என்ன அக்கறை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். காது மடல்கள் சுட்டன. அவள் உட்காரவில்லை.

மருதமுத்து எழுந்தார். மேசையிலிருந்த பட்டியலை எடுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு மனுவின் கையெழுத்துத் தாளை மகளிடம் நீட்டினார்.

"ஒரு வீடு பாக்கி இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வா. கொடுக்க மாட்டேன்னு சொன்னா... அதையும் கேட்டுட்டு வா."

*

அவன் வேலியருகே நின்று டின்னைக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தான். வானம் கறுத்திருந்தது. அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"இன்னொரு பட்டியலா, டீச்சர்?"

அவன் குரலில் சிரிப்பு இல்லை. இப்போது சந்தேகம் அவன் பக்கம். நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் எழுதினேன்."

"தெரியும். பார்த்துட்டுத்தானே நின்னேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? மறுநாளாவது வந்து சொல்லியிருக்கலாம்ல... தேங்கா எண்ணெ, பெரியவங்களுக்கு வெச்ச விளக்குன்னு."

கம்பியின் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. டின்னை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"எங்க தாத்தாவுக்கு நான் சோறு வெச்சேன்னு தெருவுல நின்னு சாட்சி சொல்லணுமா?" அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஆறு நாள் எங்க வீடு இருட்டா இருந்துச்சு. அம்மா இருட்டுலதான் குவேக்கு மாவு பிசைஞ்சாங்க. அலுவலகத்துல தெரிஞ்சா என் வேலை போயிடும். தெரிஞ்சுதான் இருந்தோம். அந்த ஆறு நாளை யாரும் எழுதல."

ஆமாம். இருட்டாயிருந்த வீடுகளை எழுத நோட்டில் இடமே இருக்கவில்லை.

"கூட்டத்துல சொல்லிட்டேன்," என்றாள். "எல்லார் முன்னாலயும். தப்பு என்னோடதுன்னு. அப்பா கோடு போட்டுட்டாரு. இது பட்டியல் இல்ல, மனு. நீங்க போட வேணாம், வேலை போயிடும். அம்மா விரும்பினா... விரும்பலைன்னாலும் சரி. நான் கேக்கத்தான் வந்தேன்."

அவன் இப்போது பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எங்கோ இடி உருண்டது.

வீட்டுக்குள் தாளை எடுத்துப் போனான். மலாயில் தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. திரும்பி வந்தபோது தாளின் கடைசி வரியில் ஈரமாக ஒரு கட்டைவிரல் ரேகை. அவன் மற்றக் கையில் ஒரு கறுப்புக் குடை, இலையில் சுற்றிய ஒரு குவே.

"அம்மா கொடுக்கச் சொன்னாங்க. டீச்சர் மெலிஞ்சிட்டாங்களாம்."

அவள் அழக் கூடாது என்று நினைத்தாள். அழுதாள். முதல் துளிகள் விழுந்ததால் அது வெளியே தெரியவில்லை... அல்லது தெரிந்தும் அவன் தெரியாதவன்போல இருந்தான். குடையை விரித்து வேலிக்கு மேலாக அவள் பக்கம் நீட்டினான்.

"இது அன்னிக்குக் கொண்டுவந்த குடைதான்."

"என்னிக்கு?"

"மொத நாள். நானா கடையில. நீங்க நனைஞ்சு நின்னீங்க. எண்ணெயில தண்ணி படக் கூடாதுன்னு டின்னை ஓடிப்போய் வீட்டுல வெச்சிட்டு, குடையெடுத்துக்கிட்டுப் பெரிய ரோட்டால திரும்பி வந்தேன். கடை வாசல்ல நீங்க இல்ல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் சந்து வழியா உங்க பின்னாடியே வந்தேன்."

"எதுக்கு?"

"டின்ல என்னன்னு பார்க்க."

முதலில் அவன் தோள்கள்தான் அசைந்தன. பிறகு சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக அவள் கேட்காத சிரிப்பு. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இன்னும் என் மேல சந்தேகம் இருக்கா, டீச்சர்?"

மழை தகரக் கூரையில் ஏறியது. அவன் காத்திருந்தான், பேசாமல் காத்திருப்பது அவனுக்குப் பழக்கம்.

"உங்க மேல இல்ல," என்றாள், குடைக் கம்பியைப் பார்த்தபடி. "அன்னிக்கு மழையில நான் ஓடிவந்தது டின்னுக்காகத்தானான்னு... என் மேலதான் சந்தேகம். இப்ப அதுவும் இல்ல. டின்னுக்காக இல்ல."

அவன் குடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தான். அவன் தோள் முழுதும் நனைந்தது.

"வாங்க," என்றான். "உங்க வீடு வரைக்கும் வரேன். பெரிய ரோட்டாலயே போவோம். எல்லாரும் பார்க்கட்டும்."

லோரோங்கின் இருபுறமும் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏறத் தொடங்கின. எந்தெந்த வீடு என்று அவள் பார்க்கவில்லை.